சாவியைத் திருப்பியும் கிளம்பாத வண்டி

எண்ணூர் முகத்துவாரத்தை அடுத்த நெட்டுக்குப்பத்து மக்களின் உழைப்பு கடலிலும் கழியிலும் நடைபெறுகிறது. அவ்வுழைப்பின் ஊதியம் கைக்கு வந்து சேர்வதோ சாலை வழியாகத்தான். பிடித்த மீனும் இறாலும் விடியுமுன் காசிமேட்டு ஏலத்திற்குப் போய்ச் சேர வேண்டும். முகத்துவாரத்திற்கு வடக்கே மீஞ்சூர் ஒன்றியத்து விவசாயியின் நெல்லும் காய்கறியும் அவ்வாறே உரிய வேளையில் சந்தையை அடைதல் வேண்டும். இவ்விரு சாராருக்கும் இன்று துணை நிற்பது சிறு சரக்கு வண்டியே. 2005-ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனம் 'ஏஸ்' என்னும் பெயரில் வெளியிட்ட வண்டியை நம் மக்கள் 'குட்டி யானை' என்று அன்புடன் அழைக்கின்றனர். 2011-ஆம் ஆண்டில் அசோக் லேலண்ட் நிறுவனத்தின் 'தோஸ்த்' வந்தது. அக்காலத்தில் வாங்கப்பெற்ற வண்டிகளுள் பல பத்து ஆண்டுகளைக் கடந்தும் உழைத்து வருகின்றன.

வயதான வண்டிக்கு வரும் நோய்களுள் முதன்மையானது, சாவியைத் திருப்பியும் எஞ்சின் சுழலாமையாகும். 'செல்ஃப் எடுக்கவில்லை' என்று இதனைக் கூறுவர். ஐஸ் உருகுகிறது, ஏலம் முடிந்துவிடுகிறது, அன்றைய உழைப்பு அரை விலைக்குப் போகிறது. இந்த இழப்போடு மற்றோர் இழப்பும் சேர்கிறது. காரணம் இன்னதென்று ஆராயாமல் முதலில் புதிய பேட்டரி வாங்குகின்றனர். பிறகு செல்ஃப் மோட்டாரைப் பழுது பார்க்கின்றனர். ஆயிரக்கணக்கில் செலவான பின்னரும் வண்டி பழையபடியே நிற்கிறது. பஞ்சாயத்து வண்டியாயின் அச்செலவு பொதுமக்களின் வரிப்பணமாகும். ஆகவே, அளந்து பாராமல் எந்த உறுப்பையும் வாங்கலாகாது என்பதையும், அவ்வாறு அளத்தல் எளிய செயலே என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

மின்சாரம் செல்லும் வழி

முற்காலத்தில் லாரிகளையும் கார்களையும் முன்புறத்தில் கைப்பிடியைச் செருகிச் சுழற்றியே கிளப்பினர். அமெரிக்கப் பொறியியலாளர் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டில் காடிலாக் கார்களில் இடம் பெற்றது. இன்றைய வண்டியில் கைப்பிடிக்கு இடமே இல்லை; எஞ்சினைக் கிளப்பும் பொறுப்பு முழுவதும் மின்சாரத்தைச் சார்ந்துவிட்டது.

அம்மின்சாரம் இரண்டு வழிகளில் செல்கிறது. முதலாவது பெருவழி. பேட்டரியின் நேர்முனையிலிருந்து தடித்த கம்பி வழியாக ஸ்டார்ட்டரை அடைந்து, அதன் உலோக உடல், எஞ்சின், எர்த் கம்பி ஆகியவற்றின் வழியே எதிர்முனைக்குத் திரும்புகிறது. எஞ்சின் சுழலும் நேரத்தில் இப்பெருவழியில் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் செல்லும். இரண்டாவது சிறுவழி. சாவி, பியூஸ், ரிலே ஆகியவற்றின் வழியாகச் சில ஆம்பியர் அளவுள்ள மின்சாரம் ஸ்டார்ட்டரின்மேல் அமைந்த சொலினாய்டு என்னும் மின்காந்தத்தை அடைகிறது. அக்காந்தம் இழுக்கப்பட்டதும் பெருவழியின் கதவு திறக்கிறது; பல்சக்கரமும் முன்னே நகர்ந்து எஞ்சினின் சக்கரத்தோடு பொருந்துகிறது. வாய்க்காலில் நீர் வராவிட்டால் ஏரியில் நீரில்லையா, மதகு திறக்கவில்லையா, கரை உடைந்திருக்கிறதா என்று விவசாயி வரிசையாகப் பார்ப்பார். இங்கும் அதே முறைதான்.

உப்புக் காற்றின் வேலை

கடற்கரையில் காற்றோடு வரும் நுண்ணிய உப்பு, வண்டியின் ஒவ்வோர் இடுக்கிலும் படிகிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது. ஆதலால் மழையில்லாத நாளிலும் இணைப்புகள் நனைந்தவாறே இருக்கின்றன. மீன் பெட்டிகளிலிருந்து வடியும் உப்பு நீரும் சட்டத்தின்மீது ஒழுகுகிறது. செம்புக் கம்பி பச்சை பூக்கிறது. இரும்புத் திருகு துருப்பிடிக்கிறது. பேட்டரியின் ஈய முனைகளில் அமில ஆவியால் வெண்மையான பொடி படர்கிறது. வெளியே கம்பி உறை நன்றாயிருக்க, உள்ளே செம்பு இழைகள் கறுத்து இற்றுப்போயிருத்தலும் உண்டு.

இவற்றுள் எஞ்சினையும் சட்டத்தையும் பேட்டரியின் எதிர்முனையையும் இணைக்கும் எர்த் கம்பியே பெரும்பாலும் கவனிப்பாரற்றுக் கிடப்பது. அது வண்டியின் அடிப்பாகத்தில், சேறும் நீரும் படும் இடத்தில் திருகப்பட்டிருக்கும். நெட்டுக்குப்பம் அடங்கிய கத்திவாக்கம் 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. ஆயினும் இந்த உப்புக் காற்று மாநகர எல்லையோடு நிற்பதில்லை; பழவேற்காடு வரையுள்ள பஞ்சாயத்துகளுக்கும் இது பொதுவான இடராகும்.

ஓசையே முதற்சான்று

கருவிகளை எடுக்குமுன் செவியையும் கண்ணையும் பயன்படுத்துக. முன்விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பும்படி ஒருவரிடம் கூறி, மற்றொருவர் வண்டியின் முன்னே சற்று விலகி நின்று விளக்கை நோக்குதல் வேண்டும்.

விளக்கே எரியாவிட்டால், பேட்டரி முற்றிலும் வறண்டிருக்கும். அல்லது அதன் முனை இணைப்பு கழன்றிருக்கும்.

விளக்கு எரிந்து, சாவியைத் திருப்பியதும் மங்கி, 'டக டக டக' என்று தொடர்ந்து ஒலி எழுந்தால், சொலினாய்டு இழுப்பதும் விடுவதுமாக இருக்கிறது. பேட்டரியில் மின்சாரம் குறைந்திருத்தலோ, முனை இணைப்பு தளர்ந்திருத்தலோ இதற்குக் காரணம்.

'டொக்' என்று ஒரே ஒலி கேட்டு, விளக்கும் மங்காமல் இருந்தால், மதகு அசைகிறது, நீர் பாயவில்லை. சொலினாய்டின் உட்தொடர்புகள் கருகியிருக்கலாம்; ஸ்டார்ட்டரின் கரித்துண்டுகள் தேய்ந்திருக்கலாம்; பெருவழி இணைப்பு கெட்டிருக்கலாம்.

எவ்வித ஒலியும் எழாமல் விளக்கு மட்டும் பிரகாசமாக எரிந்தால், கோளாறு பெரும்பாலும் சிறுவழியில் உள்ளது.

மோட்டார் விர்ரென்று சுழன்றும் எஞ்சின் அசையாவிடில், மின்சாரத்தில் குறையில்லை. மெக்கானிக்குகள் 'பெண்டிக்ஸ்' என்று கூறும் பல்சக்கரப் பகுதி பழுதுற்றிருக்கிறது.

எஞ்சின் நல்ல வேகத்துடன் சுழன்றும் தீப்பற்றாவிடில், ஸ்டார்ட்டர் தன் கடமையைச் செய்துவிட்டது. டீசல் வருகிறதா, குழாயில் காற்றடைப்பு உள்ளதா, டீசலை நிறுத்தும் மின் ஏற்பாடு திறக்கிறதா என்றே பார்த்தல் வேண்டும். இந்நிலையில் பேட்டரி வாங்குவோர் பணத்தைக் கடலில் எறிவோரே ஆவர்.

பேட்டரியின் நிலை

இதற்கு வேண்டிய கருவி மல்டிமீட்டர் ஒன்றே. எளிய வகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

பேட்டரிக்குள் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று அதிகமாகத் தரும். வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் சென்றபின் இரு முனைகளுக்கும் இடையே அளந்தால், நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 எனில் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழ் எனில் வறட்சி. முதலில் அதற்கு மின்னேற்றம் செய்க. அதன்பின் சோதனையைத் தொடர்க. வறண்ட பேட்டரியைக் கெட்ட பேட்டரி என்று தீர்மானித்தல் தவறு.

மின்னேற்றிய பின் எஞ்சினைச் சுழலவிட்டு மீண்டும் முனைகளில் அளக்க வேண்டும். சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்காவிடில் பேட்டரி தேறியது. அதற்கும் கீழே இறங்குமாயின் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். நீர் ஊற்றும் மூடியுள்ள பேட்டரியில் ஹைட்ராமீட்டரால் ஆறு அறைகளின் திரவ அடர்த்தியையும் தனித்தனியே பார்க்கலாம். ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 0.050-க்கு மேல் தாழ்ந்திருந்தால் அவ்வறை செத்துவிட்டது எனலாம். நீர் குறைந்திருந்தால் வாலை வடித்த நீரையே ஊற்றுக. குழாய் நீரும் கிணற்று நீரும் ஆகா.

இணைப்புகளை அளத்தல்

இதுவே இக்கட்டுரையின் உயிர்ப்பகுதி. 'விளக்கு நன்றாக எரிகிறதே, பேட்டரியும் புதியதே, பிறகு இணைப்பில் என்ன குறை இருக்க முடியும்?' என்று பலர் வினவுகின்றனர். இவ்வினாவிற்கு 1827-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஓம் வெளியிட்ட விதி விடை தருகிறது. இணைப்பில் இழக்கப்படும் வோல்ட், அதன் வழியே செல்லும் ஆம்பியரையும் அதன் தடையையும் பெருக்கி வருவதாகும்.

துருப்பிடித்த எர்த் இணைப்பு ஒன்றின் தடை 0.015 ஓம் என்று கொள்வோம். முன்விளக்கு ஒன்றின் 5 ஆம்பியர் அதன் வழியே சென்றால் இழப்பு 0.075 வோல்ட் மட்டுமே. விளக்கு பிரகாசமாக எரியும். ஸ்டார்ட்டரின் 160 ஆம்பியர் அதே வழியில் செல்லும்போது இழப்பு 2.4 வோல்ட் ஆகிறது. பேட்டரி முனைகளில் 11 வோல்ட் இருந்தும், நேர்க்கம்பியில் 0.4 வோல்ட்டும் எர்த் இணைப்பில் 2.4 வோல்ட்டும் போக, ஸ்டார்ட்டருக்குக் கிடைப்பது 8.2 வோல்ட்தான். அது முனகிக்கொண்டு மெல்லச் சுழலும், அல்லது நின்றுவிடும். இவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் பகுதி காட்டவல்லதன்று. மின்னோட்டம் செல்லும்போது வோல்ட் இழப்பை அளந்தால்தான் அது பிடிபடும்.

அளக்கும் முறை வருமாறு. கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, டீசல் செல்லாதபடி செய்துகொள்க. மல்டிமீட்டரை நேர்மின் வோல்ட் அளவில் வைக்க. ஒரு முள்ளைப் பேட்டரியின் எதிர்முனையின் ஈயத் தண்டின்மீதே ஊன்றுக. அதன் கவ்வியின்மீது அன்று. மற்றொரு முள்ளை எஞ்சினின் சுத்தமான உலோகத்தில் ஊன்றுக. இப்போது துணைவர் சாவியைச் சில விநாடிகள் திருப்பட்டும். அளவு 0.3 வோல்ட்டுக்கு உட்பட்டால் எர்த் வழி நன்று. அதனை மிஞ்சினால், முள்ளை இணைப்பு இணைப்பாக நகர்த்தி, எங்கே அளவு தாவுகிறதோ அங்கே கோளாறு என்று அறிக. பின்னர் பேட்டரியின் நேர்முனைத் தண்டிற்கும் ஸ்டார்ட்டரின் பெருந்திருகிற்கும் இடையே அவ்வாறே அளக்க, 0.5 வோல்ட்டுக்கு மேற்படலாகாது.

எர்த் வழி கெட்ட வண்டியில் மின்சாரம் வேறு வழி தேடும். கிளட்ச் கம்பியோ ஆக்சிலரேட்டர் கம்பியோ சாவியைத் திருப்பியபின் சுடுவதாக உணர்ந்தால், எர்த் கம்பியை உடனே பாருங்கள்.

கோளாறான இணைப்பைச் செப்பனிடுதல் எளிது. முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுக. ஒரு குவளை வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்பசோடாவைக் கரைத்து, அறைகளுக்குள் புகாதவாறு முனைகளைக் கழுவி, நல்ல நீரால் அலம்பித் துடைக்க. உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடும் வரை தேய்த்து, இறுக்கமாகத் திருகி, அதன்பின் மேலே வாசலைன் பூசுக. எர்த் கம்பி திருகப்படும் சட்டத்தின் இடத்திலும் பெயிண்டையும் துருவையும் நீக்குதல் வேண்டும். எதிர்முனையைக் கடைசியில் இணைக்க. கறுத்த இழைகளையுடைய கம்பியைத் தேய்த்துப் பயனில்லை. அதே தடிப்பில் புதியதைப் போடுவதே சிக்கனம்.

சாவி முதல் சொலினாய்டு வரை

பெருவழி செவ்வையாக இருந்தும் ஸ்டார்ட்டர் இயங்காவிட்டால் சிறுவழிக்கு வருவோம். சொலினாய்டுக்கு வரும் மெல்லிய கம்பியின் முனையில், சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது 10 வோல்ட்டுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். இல்லையாயின் பியூஸ், ரிலே, சாவிப் பெட்டி என்று பின்னோக்கிச் செல்க. அதே வகை ரிலே வண்டியில் வேறிடத்திலும் இருந்தால் மாற்றிப் பொருத்திப் பார்க்கலாம்.

அங்கே போதிய வோல்ட் இருந்து, 'டொக்' ஒலியும் கேட்டு, மோட்டார் சுழலவில்லையெனில், சொலினாய்டின் இரு பெருந்திருகுகளுக்கும் இடையே அளக்க. சாவி திரும்பியதும் 12 வோல்ட் ஏறக்குறைய சூன்யமாக இறங்க வேண்டும். இறங்காவிடில் உட்தொடர்புகள் கருகிவிட்டன. இறங்கியும் மோட்டார் அசையாவிடில் கரித்துண்டுகளைப் பார்த்தல் வேண்டும். இந்நிலையில்தான் ஸ்டார்ட்டரைக் கழற்றுதல் நியாயமாகும். அப்போதும் கரித்துண்டு, சொலினாய்டு, புஷ் ஆகியவற்றைத் தனியே மாற்ற இயலுமா என்று கேட்டறிந்த பின்னரே முழு ஸ்டார்ட்டரையும் வாங்குக.

இரவில் வடியும் மின்சாரம்

மாலையில் நன்றாகக் கிளம்பிய வண்டி விடியலில் மட்டும் கிளம்ப மறுத்தால், இரண்டு காரணங்களை நினைக்க வேண்டும். ஒன்று, பேட்டரி நிறைவதில்லை. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் நன்று. 13-க்குக் கீழ் எனில் பெல்ட், ஆல்டர்னேட்டர், ரெகுலேட்டர் ஆகியவற்றைப் பார்க்க. 15-ஐத் தாண்டினால் பேட்டரி கொதித்து அழியும்.

மற்றொன்று, நிறைந்தது வடிந்துபோகிறது. பழைய வண்டியில் பாட்டுப் பெட்டி, கூடுதல் விளக்கு, ஹாரன் என்று பின்னர் சேர்த்தவை பலவாகும். 10 வாட் விளக்கு ஒன்று அணையாதிருந்தால் 0.83 ஆம்பியர் அளவுள்ள மின்சாரம் தொடர்ந்து செல்லும்; 60 ஆம்பியர்-மணி கொண்ட புதுப் பேட்டரியும் மூன்று நாளில் வறளும்; பழையதோ ஓரிரவிற்குமேல் தாங்காது. எல்லாவற்றையும் அணைத்து, எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, அதற்கும் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை ஆம்பியர் அளவில் வைத்துப் பார்க்க. 0.05 ஆம்பியருக்கு மேற்பட்டால் பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுக்க. எதை எடுத்ததும் அளவு குறைகிறதோ அவ்வழியே கசிவு. இச்சோதனை நடைபெறும்போது சாவியைத் திருப்பலாகாது. திருப்பினால் மல்டிமீட்டர் கெடும்.

செய்யத் தகாதவை

மின்னேறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அது வெடிக்கும் தன்மையது. பீடி, தீக்குச்சி, தீப்பொறி அருகில் வரலாகாது. மோதிரத்தையும் உலோகக் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்க. அமிலம் பட்டால் நிறைய நீர் விட்டுக் கழுவுக. கண்ணில் பட்டால் கழுவிய கையோடு மருத்துவரிடம் செல்க.

ஸ்பேனரால் ஸ்டார்ட்டர் முனைகளை இணைத்து வண்டியைக் கிளப்பும் வழக்கம் பரவலாக உள்ளது. கியரில் நிற்கும் வண்டி முன்னே பாய்ந்து, அடியில் இருப்பவரை நசுக்கிவிடும். இவ்வழக்கத்தை அடியோடு விடுதல் வேண்டும்.

வேறொரு வண்டியின் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கையில், முதலில் இரு நேர்முனைகளையும் இணைத்து, பின்னர் நல்ல பேட்டரியின் எதிர்முனையைப் பழுதான வண்டியின் எஞ்சின் உலோகத்தோடு இணைக்க. துறைமுகச் சாலையில் நிற்கும் பெரிய லாரிகளில் பொதுவாக 24 வோல்ட் அமைப்பு உள்ளது. 12 வோல்ட் வண்டிக்கு அதிலிருந்து மின்சாரம் எடுத்தல் கூடவே கூடாது.

டைனமோ காலத்துப் பழக்கத்தால் எஞ்சின் ஓடும்போதே பேட்டரி முனையைக் கழற்றிச் சோதிப்போர் உளர். ஆல்டர்னேட்டர் வண்டிகளில் இது மின்னணு உறுப்புகளை அழித்துவிடும். சாவியையும் தொடர்ந்து பத்து விநாடிக்கு மேல் பிடித்திருத்தல் ஆகாது. ஒரு நிமிடம் இடைவெளி விடுக.

2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணூர்ப் பகுதியில் வெள்ளம் புகுந்ததையும், கழியில் எண்ணெய் பரவியதையும் யாவரும் அறிவர். வெள்ளத்தில் நின்ற வண்டியின் சாவியை உடனே திருப்புதல் பெருந்தவறு. எஞ்சினுள் நீர் புகுந்திருந்தால் உட்தண்டுகள் வளையும். தாழ இருக்கும் ஸ்டார்ட்டரும் கெடும். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, காற்று வடிகட்டியையும் எஞ்சின் எண்ணெயையும் பார்த்து, ஸ்டார்ட்டரையும் இணைப்புகளையும் நல்ல நீரால் துடைத்து உலர்த்திய பின்னரே சாவியைத் தொட வேண்டும்.

பஞ்சாயத்துகளுக்கு

குப்பை வண்டி முதலியவற்றை வைத்திருக்கும் பஞ்சாயத்துகள் மல்டிமீட்டர் ஒன்றும் ஹைட்ராமீட்டர் ஒன்றும் வாங்கி வைத்தல் நன்று. வண்டிப் பதிவேட்டில் மாதம் ஒருமுறை நான்கு அளவுகளைக் குறித்தல் வேண்டும்: ஓய்வில் பேட்டரி வோல்ட், எஞ்சின் சுழலும்போது வோல்ட், எர்த் வழி இழப்பு, ஓடும்போது மின்னேற்ற வோல்ட். எர்த் இழப்பு மாதத்துக்கு மாதம் ஏறி வருவதைப் பதிவேடு காட்டுமாயின், வண்டி நிற்கும் நாளுக்கு முன்பே கம்பியைச் சுத்தம் செய்துவிடலாம். பழுது பார்க்கும் பட்டியல் வரும்போது, 'எந்த அளவைக் கண்டு இவ்வுறுப்பு கெட்டதெனத் தீர்மானித்தீர்?' என்று உறுப்பினர்கள் கேட்க வேண்டும். நல்ல மெக்கானிக் இவ்வினாவை வரவேற்பார்.

இவ்வட்டாரத்தில் தொழில் அறிவுக்குப் பஞ்சமில்லை. எண்ணூரில் தொழில் நடத்திய, 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. அதே ஆண்டில் திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழில் வேரூன்றியது. மோட்டார்த் தொழிலில் பழகி ஓய்வு பெற்றோர் பலர் அருகிலேயே வாழ்கின்றனர். அவர்களையும், அருகிலுள்ள அரசினர் தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர்களையும் அழைத்து, ஊர்ப் பொது இடத்தில் ஒரு பிற்பகல் செயல்முறை விளக்கம் நடத்துதல் கடினமன்று. ஓட்டுநர்களோடு மீனவர் சங்கத்தாரும் மகளிர் சுய உதவிக் குழுவினரும் அதில் கலந்துகொள்ளல் நலம். மீன் வாங்கி விற்கும் பெண்களின் அன்றைய வருவாய் அவ்வண்டி கிளம்புவதையே நம்பியிருக்கிறது.

வலையில் ஓர் இழை அறுந்தால், வலையையே விலைக்கு வாங்குவார் இல்லை. அறுந்த கண்ணைத் தேடிப் பிடித்து முடிவர். வண்டியிலும் அவ்வாறே அறுந்த இடத்தைத் தேடுவோமாக. கையில் மல்டிமீட்டரும் மனத்தில் நிதானமும் இருந்தால், பெரும்பாலான விடியல்களில் செலவு ஒரு கரண்டி ஆப்பசோடாவோடும் ஒரு துண்டு உப்புத்தாளோடும் முடிந்துவிடும்.